வலப்பக்கத்தில் ஓட்டுகிறவள்

செப்டெம்பர் 1, திங்கள். அடிலெய்ட்

என் மனைவி சிவயோகம் கண் டொக்டரின் முன்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். அதனால் என் லைசென்ஸ் பறிபோனது. நடந்த அநியாயம் இதுதான். பிறகு யாரும் வந்து "அது அப்படியில்லை" என்று திருத்தக்கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

தை மாதம் எனக்கு மூளையில் சின்ன அடைப்பு ஒன்று வந்தது உண்மை. அந்தக் கிழமையே எழும்பி நடந்தேன். கை, கால், வாய் ஒன்றுக்கும் பழுதில்லை. இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பாதிப் பார்வை போய்விட்டது என்று டொக்டர் கண்டுபிடித்தார். எப்படி? ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் நாடியை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமத்தச் சொன்னார். இந்த விளையாட்டில் யார்தான் வெல்லுவான்? அவருக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. "கார் ஓடும்போது ஏதும் கஷ்டம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்தவள் தன் அரைகுறை ஆங்கிலத்தில் தொடங்கினாள். ரவுண்டபவுட்டில் வந்த பஸ்ஸை நான் காணவில்லையாம். தான் கத்தியபடியால்தான் தப்பினோமாம். தபால்பெட்டியை இரண்டு தரம் இடித்தேனாம்.

தபால்பெட்டி இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

எனக்கு ஓடப் பழக்கியவர் ஒருவருமில்லை. சாவகச்சேரிச் சந்தையில், லொறிக்காரன் மதியம் படுத்திருக்கும் நேரம் பார்த்து லொறியை எடுத்து ஓடிப் பழகியவன் நான். ஆங்கிலம் பத்திரிகையில் பழகினேன். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற இந்தக் கரவன் வீட்டுக்கு மின்சாரம் இழுக்க நூலகப் புத்தகம் பார்த்துப் பழகினேன். சிவயோகத்துக்குக் கார் ஓடப் பழக்கியதும் நான்தான். இன்று அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது.

நாளை புறப்படுகிறோம். கடற்கரைப் பட்டினங்கள் வழியாகப் போய், நல்லாபோர் வெளியைத் தாண்டி, பேர்த் வரைக்கும். நான் வருடக்கணக்காகத் திட்டமிட்ட பயணம். அவள் ஓடுவாள். பேர்த்தில் வேறொரு கண் டொக்டரிடம் நானே நாள் எடுத்திருக்கிறேன். அங்கே அவள் "இவருக்கு ஒரு குறையுமில்லை" என்று சொல்ல வேண்டும். சொல்வேன் என்று ஒத்துக்கொள்ளும்வரை அவளோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

அவளின் தம்பி தில்லைநாதனும் வருகிறான். வங்கியில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்குச் சைக்கிள்கூட ஒழுங்காக ஓடத் தெரியாது. இருந்தாலும் சேதி சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

செப்டெம்பர் 2, செவ்வாய். போர்ட் ஒகஸ்டா

காற்று. அவள் பிரேக்கைப் பிந்திப் பிடிக்கிறாள். கரவனின் கதவு ஒடுக்கமாக இருக்கிறது. ஏறும்போது வலது தோள் மூன்று தரம் அடிபட்டது. கட்டியவர்களுக்கு அளவு தெரியவில்லை.

செப்டெம்பர் 4, வியாழன். போர்ட் லிங்கன்

கடல் நீலமாக இருக்கிறது. அதைப் பற்றி வேறொன்றும் எழுத இல்லை.

காலைச் சாப்பாட்டின்போது நடந்த கதை இது. சிவயோகம் தில்லைநாதனைப் பார்த்து, "தம்பி, அத்தானிட்டச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது" என்றாள். நான் இருந்தது ஒரு முழ தூரத்தில்.

"அத்தான், தேத்தண்ணி ஆறுதாம்."

"எங்கே வைச்சிருக்கெண்டு கேள். மேசையில் காணேல்லை."

"அக்கா, எங்க வைச்சிருக்கெண்டு அத்தான் கேக்கிறார்."

"அவற்ற வலக்கைப் பக்கம். எப்பவும் வைக்கிற இடத்தில."

அங்கேதான் இருந்தது. எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளி வைக்கிறாள். நடுவில் வைத்தால் என்ன என்று நான் கேட்கச் சொன்னேன். தில்லைநாதன் கேட்கவில்லை. புட்டை வாயில் அடைத்துக்கொண்டு, "உந்தக் கேள்விக்கு முத்திரை ஒட்டேல்லை அத்தான்" என்றான்.

பத்திரிகை வாங்கினேன். இப்போதெல்லாம் வரிகளை முடிக்காமலே அச்சடிக்கிறார்கள். பாதிச் சொல்லோடு வரி நிற்கிறது. தலையை வெட்டி வெட்டித் தேட வேண்டியிருக்கிறது. ஆசிரியருக்கு எழுத வேண்டும்.

செப்டெம்பர் 6, சனி. ஸ்ட்ரீக்கி பே

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். தில்லைநாதன் ஏற்கெனவே வேறு மாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

கரவன்கள் தங்குகிற முகாமில், கரவனைப் பின்னுக்கு எடுத்து அதற்குரிய இடத்தில் விடுவது சின்ன வேலை இல்லை. கார் ஒரு பக்கம் ஒடித்தால் கரவன் மற்றப் பக்கம் போகும். ஓடுகிறவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. ஒருவர் பின்னால் நின்று கை காட்டிச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் எடுத்தேன். நான் அவளோடு கதைப்பதில்லை என்றபடியால் நான் தில்லைநாதனுக்குச் சொல்ல, அவன் ஓடிப்போய்க் கார் யன்னலில் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"இன்னும் வரச் சொல்லு."

"அக்கா, இன்னும் வரட்டாம்!"

"கொஞ்சம் இடது."

"கொஞ்சம் இடதாம்!"

"வரட்டும், வரட்டும், இடம் கிடக்கு."

தில்லைநாதன் அதைச் சொல்லவில்லை. "அத்தான், குழாய்!" என்றான். "என்ன குழாய்?" என்றேன். அதற்குள் கரவனின் மூலை தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் ஏறி, குழாய் உடைந்து, தண்ணீர் நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலால் பீச்சி அடித்தது. கதிரை போட்டு பியர் குடித்துக்கொண்டிருந்த அயலவர்கள் கை தட்டினார்கள்.

கம்பம் என் வலப்பக்கம், இரண்டடி தூரத்தில் நின்றதாம். மஞ்சள் நிறம் பூசியிருந்ததாம். தில்லைநாதன் இதைக் கரவன் கரவனாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். சேதி போய்ச் சேர நேரம் எடுத்ததுதான் காரணம். சேதிக்காரன் பொறுப்பு.

சிவயோகம் இறங்கி வந்து, உடைந்த குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துவாயைக் கொண்டுவந்து கரவன் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

மீன் நல்ல மீன். வேறு செய்தி இல்லை.

செப்டெம்பர் 8, திங்கள். செடூனா

தில்லைநாதன் கைவிட்டுப் போய்விட்டான். செடூனாவில் இருந்து அடிலெய்டுக்கு விமானம் இருக்கிறது என்று அறிந்து, எனக்குத் தெரியாமல் இடம் எடுத்துவிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான் சொன்னான்.

"நான் கடல் பாக்க வந்தனான் அத்தான். உங்கட ரண்டு பேருக்கும் நடுவில ரெலிபோன் கம்பியாய் நிக்க வரேல்லை."

"பாதி வழியில் விட்டிட்டுப் போறது மனுசத்தனமே?"

"மனுசத்தனமெண்டு நீங்கள் கதைக்கிறியள். நேற்று அக்காவுக்குத் தும்மல் வந்ததுக்கு, 'போர்வையை எடுக்கச் சொல்லு' எண்டு என்னை எழுப்பினனீங்கள். அவ உங்களுக்குப் பக்கத்தில படுத்திருக்கிறா!"

"அவள் டொக்டரிட்டச் சொன்னது சரியெண்டு நீ நினைக்கிறாய்."

தில்லைநாதன் பையைக் கீழே வைத்தான். "சொல்லட்டே? சொன்னால் என்னோடயும் கதைக்க மாட்டியள். எனக்கு அது வலு சந்தோசம். ஓம், சரி."

அவனோடும் கதைப்பதில்லை.

சிவயோகம் அவனுக்குப் பாணும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். அவளுக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குக் குளிசை போட்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அவன் எனக்கு ஏதோ புத்தி சொன்னான். நாற்பத்தைந்து வருடம் அவளோடு வாழ்கிறவன் நானா அவனா?

செப்டெம்பர் 9, செவ்வாய். நல்லாபோர்

மரமில்லை. வீடு இல்லை. இந்த நாட்டில் இப்படியும் ஒரு வெறுமை இருக்கிறது என்று வாசித்தது வேறு, அதற்குள் இருப்பது வேறு. வானம் நாலு பக்கமும் தரையில் வந்து முட்டுகிறது. காருக்குள் இரண்டு பேர். அவள் வலப்பக்கத்தில் ஸ்டியரிங்கோடு, நான் இடப்பக்கத்தில் வெறுங்கையோடு. நான் முன்னுக்குப் பார்த்தபடி இருந்தேன். அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தோற்றதாகிவிடும்.

வழியில் கடலோர மலைச்சரிவில் திமிங்கிலம் பார்க்க நிறுத்தினோம். பலகைப் பாதையில் சனம் நின்றது. எல்லோரும் "ஆ" என்கிறார்கள். எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. சும்மா கடலுக்குக் கூச்சலிடுகிறார்கள் என்று எண்ணினேன். சிவயோகம் மரக் கைப்பிடியைப் பார்த்துச் சொன்னாள்:

"கொஞ்சம் வலப்பக்கம் திரும்பினால் தாயும் குட்டியும் தெரியும்."

கைப்பிடிக்குச் சொன்னதை நான் ஏன் கேட்க வேண்டும்? திரும்பவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெரிய மூச்சு. மிகவும் கிட்ட.

அவள் அங்கேயே நின்றாள். காருக்கு வரும்போது கண்ணைத் துடைத்தாள். காற்றுக்கு.

செப்டெம்பர் 10, புதன். எல்லை

மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள் பழம், மரக்கறி, தேன் ஒன்றும் கொண்டுபோக விடமாட்டார்கள். எல்லையில் ஒரு அதிகாரி கரவனுக்குள் ஏறிச் சோதித்தார். நான் இதை வாசித்துத் தெரிந்து வைத்திருந்தேன். வெங்காயம், தேசிக்காய் எல்லாவற்றையும் முதல் நாளே சமைத்து முடிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். சொல்லத்தான் ஆள் இல்லை.

அதிகாரி குளிர்பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதன் பூட்டு இறுக்கம். என்னால்தான் திறக்க முடியும். சிவயோகம் அதிகாரியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "தயவுசெய்து என் கணவரிடம் திறக்கச் சொல்லுங்கள்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஐயா, உங்கள் மனைவி..."

"கேட்டது" என்றேன்.

தேசிக்காய், முருங்கைக்காய், ஒரு போத்தல் தேன் எல்லாம் போயிற்று. கடைசியில் ஈரத்துணியில் சுற்றி, தலையணை உறைக்குள் அவள் ஒளித்து வைத்திருந்த கறிவேப்பிலைக் கொப்பு. அதிகாரி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். "இது என்ன?" என்று கேட்டார். சிவயோகம் அதற்கு ஆங்கிலம் தேடினாள். கிடைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அதிகாரி அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "தலையணைக்குள் இருந்ததை முதலே சொல்லியிருக்க வேண்டும் அம்மா" என்று எச்சரித்தார். அவளின் முகம் கறுத்துப் போயிற்று.

மாலை யூக்ளாவில் கரவனை நிறுத்தினோம். நான் அடுப்பைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கினேன். பேர்த்தில் டொக்டருக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றேன்.

அவள் கேத்திலைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"பேர்த்தில நான் பொய் சொல்ல மாட்டன். அடிலெய்டிலயும் பொய் சொல்லேல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையள் கடக்கிற ரோட்டில என்ர மனுசன் ஒரு பிள்ளையை அடிச்சுப் போட்டு வந்து நிக்கிறதை நான் பாக்க ஏலாது. அதைவிட நீங்கள் என்னோட சாகுமட்டும் கதைக்காமல் இருங்கோ."

கேத்திலுக்கு "நீங்கள்" சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவள் நேரே என்னோடு கதைத்துவிட்டாள் என்று நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "அப்ப இந்த வண்டிக்குள் சமைக்கிற ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்று அடுப்புக்குச் சொன்னேன்.

செப்டெம்பர் 11, வியாழன். கைகூனா

சாப்பிடவில்லை. காலை இடியப்பம் அவித்து மேசையில் வைத்தாள். தொடவில்லை. மத்தியானம் சோறு. தொடவில்லை. பின்னேரம் கழுவுகிற கோப்பை ஒன்றுமில்லை, தண்ணீர் மிச்சம். அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை. அது என் வேலையல்ல.

அவள் உடுப்புக் காயப்போடப் போன நேரம், ரோட்டோரத்தில் பெற்றோலும் சாப்பாடும் விற்கிற ரோட்ஹவுஸுக்குப் போய் சோசேஜ் ரோல் இரண்டு வாங்கித் தின்றேன். அது அவள் சமைத்தது அல்ல. ஆகவே என் தீர்மானம் குலையவில்லை.

செப்டெம்பர் 12, வெள்ளி. நோர்ஸ்மன்

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். சிவயோகம் உள்ளே படுத்திருக்கிறாள். ஆபத்து இல்லை என்றார்கள்.

காலை நான் மறுபடியும் சாப்பிடவில்லை. அவள் குளிசை போட்டதைக் கண்டேன். கைகூனாவில் இருந்து மேற்கே ஒரு வளைவும் இல்லாமல் நேரே ஓடுகிற ரோட்டு. பெருமையாகப் பலகை வைத்திருக்கிறார்கள். நான் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது. அவளுடைய ஓட்டம் அப்படித்தான் என்று எண்ணினேன். பிறகு இடது சில்லு சரளைக்குள் இறங்கியது. மேலே எடுத்தாள். திரும்பவும் இறங்கியது. மனதுக்குள் திட்டினேன். வாயால் திட்ட முடியாதபடி என் தீர்மானம் இருந்தது. கார் ஓரமாக நின்றுவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை.

கன நேரம் பொறுத்துத்தான் தலையைத் திருப்பினேன்.

சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றியில் இருந்து வியர்வை நாடியால் சொட்டியது. கை இரண்டும் ஸ்டியரிங்கில் நடுங்கின. வாய் ஏதோ சொன்னது, சொல்லாக வரவில்லை. இவ்வளவும் எனக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில், எவ்வளவு நேரமாக நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

"சிவயோகம், வாயைத் திறவும்" என்றேன்.

இது கதைத்ததாகக் கணக்கில் வராது. இது கட்டளை.

இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று விளங்கி, கரவனுக்கு ஓடினேன். தேன் இல்லை, எல்லையில் போயிற்று. சீனி டப்பாவைத் தேடினேன். அலமாரித் தட்டில் இருந்ததெல்லாவற்றையும் கொட்டினேன். டப்பா கடைசியில் வலது மூலையில்தான் நின்றது. சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினேன். பாதி சட்டையில் போயிற்று. சுணங்கித்தான் கண் தெளிந்தது.

"சாப்பிடேல்லையோ?"

"நீங்கள் சாப்பிடேல்லை" என்றாள். "நீங்கள் பட்டினி கிடக்க நான் எப்பிடி வாயில வைக்கிறது?"

"குளிசை போட்டனீர்தானே!"

"குளிசை போடாட்டிலும் ஏசுவியள்."

அவளால் எழும்பி நிற்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வியர்க்கத் தொடங்கியது. திரும்பவும் சீனித் தண்ணீர் கொடுத்தேன். போனில் சிக்னல் இல்லை. அடுத்த ரோட்ஹவுஸ் பலடோனியா. இன்னும் கன தூரம். நான் அவளை இறக்கித் தூக்கி மற்றப் பக்க சீட்டில் இருத்தினேன். பெல்டைப் போட்டேன். சுற்றி வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினேன்.

இப்போது என்னை யார் தடுப்பது? எந்தப் பொலிஸ்? எந்த டொக்டர்? நான் ஓடித்தான் ஆக வேண்டும் என்று அந்த வெளியே சொல்லியது போல இருந்தது. சீட்டைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன். அவள் இப்போது என் இடப்பக்கம் இருந்தாள். வெளிறிய முகம் முழுதாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் நான் அந்த முகத்தை அவ்வளவு முழுதாகப் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது. மெலிந்து போயிருந்தாள்.

கியரைப் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் ரோட்டு. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து மேலே ஏற்றினேன்.

"இஞ்சருங்கோ!"

அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. பிரேக்கை மிதித்தேன். மூன்று பெட்டிகளைக் கோத்து இழுக்கிற இராட்சத லொறி, ஹோர்ன் அடித்தபடி எங்கள் மூக்கை உரசிக்கொண்டு போனது. காரும் கரவனும் குலுங்கின. அது போய் முடியக் கன நேரம் எடுத்தது. அது வலப்பக்கத்தால் வந்தது. வலப்பக்கக் கண்ணாடி நிறைய அது நின்றிருக்க வேண்டும்.

லொறி அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்தினேன். சாவியைக் கழற்றினேன். சீட் சரியில்லை. அவளுடைய உயரத்துக்குப் பழகிய சீட்டில், எவ்வளவு தள்ளினாலும், வேறொருவர் இருந்து ஓட முடியாது. அதனால்தான் இறங்கினேன்.

நான் சாவியை அவளின் மடியில் வைத்தேன். அவள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கரவனில் இருந்து சிவப்புச் சாரத்தை எடுத்து நடுரோட்டில் நின்று வீசினேன். எழுபத்துமூன்று வயதில், காற்சட்டையோடு, சாரத்தைக் கொடி மாதிரி வீசிக்கொண்டு. இரண்டு கார்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. பிறகு, கரவன் இழுத்துவந்த ஒரு வயதான வெள்ளைக்கார சோடி நிறுத்தினார்கள். அந்த அம்மாவின் பெயர் ஜூடித். ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை வாங்கி, எங்கள் காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினாள். நான் பின் சீட்டில் ஏறி, முன்னால் சாய்ந்து சிவயோகத்துக்குப் பருக்கிக்கொண்டே போனேன்.

"நீங்கள் ஓடுவதில்லையா?" என்று ஜூடித் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அந்தக் கேள்விக்கு அந்தச் சொல்லை நான் முதல் தடவை சொன்னேன். ஆங்கிலத்தில் அது சின்னச் சொல்.

பலடோனியாவில் இருந்து போனில் கேட்டு, அம்புலன்ஸ் வந்து இங்கே கொண்டுவந்தார்கள். தாதி ஒருத்தி கடதாசியில் எழுதிக்கொண்டு என்னைக் கேட்டாள்: "பக்கத்தில்தானே இருந்தீர்கள்? இவ்வளவு வியர்த்ததை நீங்கள் காணவில்லையா?"

எனக்கு ஆங்கிலம் விளங்காதது போல நின்றேன்.

செப்டெம்பர் 13, சனி. நோர்ஸ்மன்

காலை அவளுக்குப் பாணும் முட்டையும் கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தாள். எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள் என்று விளங்கியது. உண்மையைச் சொல்லித்தான் தீரவேண்டியிருந்தது.

"சிவயோகம், நான் கைகூனாவில் சாப்பிட்டனான்."

"எங்க?"

"ரோட்ஹவுஸில். சோசேஜ் ரோல்."

அவள் பாணைக் கீழே வைத்தாள். "எத்தினை?"

"ரெண்டு."

"நான் வெறுந்தேத்தண்ணியோட கிடந்தது உந்த ரண்டு சோசேஜ் ரோலுக்கே?" என்றாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். ஆனால் சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகுதான் அழுதாள். "பண்டி இறைச்சியாயிருக்கும்" என்றாள் அழுகைக்கு நடுவே. "தேவாரம் பாடுற வாயால பண்டி இறைச்சி."

"மாடு" என்றேன்.

"அது இன்னும் மோசம்!"

நான் கட்டிலின் மற்றப் பக்கம் போய் இருந்தேன். அங்கிருந்து அவளின் முகம் முழுதாகத் தெரிந்தது. அவள் பாணைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். முழுதையும் அவளைத் தின்ன வைத்தேன்.

"பேர்த்தில என்ன செய்யப் போறியள்?" என்றாள்.

"யோசிக்கிறன்."

"லொறியைக் கண்டனீங்களே?"

யன்னலுக்கு வெளியே ஒருவன் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காணேல்லை" என்றேன்.

அவள் வென்றவள் மாதிரி முகத்தை வைத்திருந்தால் நான் எழும்பிப் போயிருப்பேன். அப்படி வைக்கவில்லை. போர்வையை இழுத்து என் முழங்காலுக்கும் போட்டாள்.

டொக்டரின் முன்னால் அவள் கதைத்த விதம் பிழை என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. முதலில் என்னோடு கதைத்திருக்க வேண்டும். கதைத்தாளாம். பல தரம். எனக்கு அது ஞாபகமில்லை.

இனிச் செய்ய வேண்டியவையும், செய்ய வேண்டியவர்களும்:

பலடோனியாவில் நிற்கும் காருக்கும் கரவனுக்கும் எங்களைக் கொண்டுபோய் விட வேண்டியது: ரோட்ஹவுஸ்காரர். நாளை சாமான் எடுக்க வருகிறார், ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஸ்ட்ரீக்கி பே முகாமுக்குப் போன் எடுத்து, குழாய்க்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது: நான். கம்பம் இருந்த இடம் சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது: நானே.

தில்லைநாதனுக்குப் போன் எடுக்க வேண்டியது: சிவயோகம். அவன் சிரிப்பான். அவனைச் சிரிக்க விட வேண்டியது: நான்.

அடிலெய்ட் டொக்டர், அடுத்த முறை கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் வைத்துக் கேள்வி கேட்கக்கூடாது. இதை அவருக்கு எழுத வேண்டியது: நான்.

பேர்த் கண் டொக்டரிடம் எடுத்த நாளை ரத்துச் செய்ய வேண்டியது: நான். திங்கள் காலை. ஆங்கிலத்தில்.

குளிசை போட்டவுடன், நான் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், சாப்பிட வேண்டியது: சிவயோகம். அவள் அதைச் செய்ய மாட்டாள். ஆகவே நேரத்துக்குச் சாப்பிட வேண்டியது: நான்.

கரவனைப் பின்னுக்கு எடுக்கும்போது நேரே வாய் திறந்து சொல்ல வேண்டியது: நான். சொல்ல முன் இரண்டு பக்கமும் நடந்து பார்க்க வேண்டியதும் நானே.

நடக்கும்போதும் மேசையில் இருக்கும்போதும் என் இடப்பக்கம் வர வேண்டியது: சிவயோகம்.

காருக்குள் அது முடியாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. காருக்குள் தலையைத் திருப்ப வேண்டியது: நான்.